எந்த வருஷத்துச் சட்டம்?

நாமக்கல்லிலிருந்து கோழிக்கோட்டுக்கு முட்டை லோடு போகிறது. அந்தப் பார்ட்டி கொடுத்த செக் திரும்பி வந்துவிடுகிறது. கணக்கில் போதிய பணம் இல்லை என்று அச்சடித்த மெமோ ஒன்றை வங்கியில் செக்கோடு பின் அடித்துக் கொடுக்கிறார்கள். அந்த மெமோவோடு வெளியே வரும் கோழிப்பண்ணைக்காரர் இன்றைக்கு முதலில் போவது வக்கீல் ஆபீசுக்கு அல்ல, யூடியூபுக்கு. இதில் குற்றம் காண ஒன்றுமில்லை. வக்கீலிடம் ஃபீஸ் கேட்பார்கள், ஃபோனில் யாரும் கேட்பதில்லை. ஆனால் ஃபோனில் கிடைக்கும் பதிலை எதை வைத்து நம்புவது என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லித் தருவதில்லை.

வழக்கை எந்த ஊரில் போடுவது? அந்த ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்ளலாம். 2014 ஆகஸ்ட் 1 அன்று தஷ்ரத் ரூப்சிங் ராத்தோட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. செக் கொடுத்தவரின் வங்கிக் கிளை எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊர் நீதிமன்றத்தில்தான் செக் வழக்கு நடக்க வேண்டும் என்றது. நாமக்கல்காரர் கோழிக்கோட்டுக்கு நடையாய் நடக்க வேண்டிய நிலை. அடுத்த ஆண்டே மத்திய அரசு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தைத் திருத்தியது. 2015 ஜூன் 15 முதல், தம் கணக்கில் செக்கைப் போட்டவர் அந்தக் கணக்கை எந்தக் கிளையில் வைத்திருக்கிறாரோ, அந்த ஊரிலேயே வழக்குப் போடலாம். நாமக்கல் கிளையில் கணக்கு என்றால் நாமக்கல்லிலேயே.

இடைப்பட்ட பத்து மாதத்தில் எழுதப்பட்ட கட்டுரைகள் எல்லாம் இன்னும் நெட்டில் கிடக்கின்றன. எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. எழுதிய அன்றைக்கு அது சரி. படிப்பவர் பத்து வருஷம் கழித்துப் படிக்கிறார். அதே சட்டத்தில் கெடுக்கள் வேறு கறாராக இருக்கின்றன. செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து எதிராளிக்கு 15 நாள் அவகாசம். அதற்கும் அவர் அசையாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். புகார் தாமதமானால் தக்க காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கச் சட்டத்தில் வழி உண்டு. 30 நாள் நோட்டீசைத் தவறவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. நோட்டீசை ரெஜிஸ்டர்டு போஸ்டில் அனுப்பச் சொல்லாத வீடியோ இல்லை. அந்த ரெஜிஸ்டர்டு போஸ்டே 2025இல் ஸ்பீடு போஸ்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது.

நாமக்கல்லில் முட்டை வாங்க வருகிற எவரும் போன மாதத்து விலையைச் சொல்லி லாரியில் லோடு ஏற்ற முடியாது. இன்றைக்கு என்ன விலை அறிவித்தார்கள் என்பதுதான் முதல் பேச்சு. அதே வியாபாரிகள் கோர்ட் விவகாரம் என்று வந்தால் எந்த வருஷத்துத் தகவல் என்று கேட்காமலே ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் சட்ட ஆலோசனையில் பெரும்பகுதி பொய்யே அல்ல, பழசு. பொய்யை மோப்பம் பிடிக்க நமக்குத் தெரியும். பழசு மெய்யைப் போலவே உட்கார்ந்திருப்பதால் ஏமாந்துபோகிறோம்.

பெண் பிள்ளைகளின் பங்கு விஷயத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். சேலம், நாமக்கல் பக்கம் பாகப்பிரிவினைப் பேச்சு எழுந்தால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒரு பெரியவர் “எண்பத்தொன்பதுக்கு முன்னாடி கட்டிக்கொடுத்த பிள்ளைக்குப் பூர்வீகத்துல பங்கு கிடையாதுங்க” என்று முடித்துவிடுவார். அதையே தலைப்பாக வைத்த தமிழ்க் காணொளிகளும் உண்டு. பெரியவர் சொல்வது கட்டுக்கதை அல்ல. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு தனியாகக் கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்தது. மகளுக்கும் மகனைப் போலவே கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் திருமணமானவர்களை ஒதுக்கிவைத்தது. மத்தியச் சட்டத்துக்கு 16 ஆண்டு முன்னதாகவே எடுத்துவைத்த அடி அது. அன்றைக்கு அது பெரிய விஷயம்.

பிறகு 2005 செப்டம்பர் 9 அன்று மத்தியத் திருத்தம் வந்தது. அதில் திருமணமான மகள், ஆகாத மகள் என்ற பாகுபாடே கிடையாது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. ஆமாம் என்று 2015இல் பிரகாஷ் எதிர் பூலவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தேவையில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் அதே நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு முந்தைய நிலையை மாற்றியது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி பிரித்து முடித்த சொத்தை மட்டும் இப்போது கிளற முடியாது. ஆக ஒரே கேள்விக்கு 1990இல் ஒரு பதில், 2006இல் ஒரு பதில், 2016இல் ஒரு பதில், இன்றைக்கு ஒரு பதில். நான்கையும் தேடுபொறி ஒரே பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில் பரப்பி வைக்கிறது.

இது அத்தனையும் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்துக்கு. அப்பா தன் கையால் சம்பாதித்தது வேறு கணக்கு. உயில் எழுதினால் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். எழுதாமல் இறந்தால் மகனுக்கு உள்ள அதே பங்கு மகளுக்கும் 1956 முதலே உண்டு. 1956க்கு முன்பே இறந்துவிட்டவரின் சுயசம்பாத்தியம் என்னாகும்? அதற்கும் பதில் வந்துவிட்டது, அதுவும் அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி என்ற தமிழ்நாட்டு வழக்கில். கீழ்க் கோர்ட்டிலும் உயர் நீதிமன்றத்திலும் தோற்ற தரப்பு உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது. அப்படிப்பட்ட சொத்து சகோதரன் வழிக்குப் போகாது, ஒரே மகளுக்கே சேரும் என்று 2022 ஜனவரி 20 அன்று தீர்ப்பானது. “பெண்ணுக்குப் பங்கு உண்டா?” என்று மூன்று சொல்லில் தேடுகிறவருக்கு, எந்தச் சொத்து, யார் எப்போது இறந்தார், உயில் இருக்கிறதா, முன்பே பிரித்தாயிற்றா என்று திருப்பிக் கேட்காத எந்தப் பதிலும் பதிலே அல்ல. நல்ல வக்கீலை அடையாளம் காணவும் இதுவே வழி. அவர் சொல்வதைவிடக் கேட்பது அதிகமாக இருக்கும். தாய்ப்பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்வார், வில்லங்கம் போட்டுப் பார்க்கச் சொல்வார். பத்து நிமிட வீடியோவால் அது ஆகாது.

லாரி ஊரில் விபத்து இழப்பீட்டைப் பேசாமல் விட முடியாது. விபத்து மனுவுக்குக் காலக்கெடு கிடையாது என்று பழைய கட்டுரைகள் அடித்துச் சொல்லும். 1994 முதல் அப்படித்தான் இருந்தது. 2019 திருத்தம் ஆறு மாதக் கெடுவை மறுபடி கொண்டுவந்தது. அது 2022 ஏப்ரல் 1 முதல் அமல். அந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் நிற்கின்றன. அவை முடியும்வரை கெடுவைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. “கெடு ரத்து” என்று அதற்குத் தலைப்பு வைத்தால் பார்க்கிறவர்கள் கூடுவார்கள். ஆனால் இடைக்கால உத்தரவு ரத்து அல்ல. அதை நம்பிச் சாவகாசமாக உட்கார்ந்திருப்பவர், இறுதித் தீர்ப்பு வேறு மாதிரி வந்தால் யாரிடம் போய்க் கேட்பார்?

பத்திரப் பதிவிலும் இதே ஆட்டம்தான். மோசடிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தால் பதிவுச் சட்டத்தில் 77-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. இனி கோர்ட்டுக்கே போக வேண்டாம் என்று அன்றைக்குக் கொண்டாடிய பதிவுகள் ஏராளம். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்று சொல்லிவிட்டது. விற்பவர் தம் உரிமையை நிரூபித்தால்தான் பதிவு என்று சார்பதிவாளர்கள் கைகாட்டி வந்த 55-ஏ விதியின் முதல் பகுதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. கொண்டாடிய வீடியோக்களில் எத்தனை இறக்கப்பட்டன? கிரிமினல் பக்கம் போனால் 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டமே இல்லை, பாரதிய நியாய சன்ஹிதாதான். மோசடிக்கு 420 போய் 318 வந்துவிட்டது. ஆனால் குற்றம் அந்தத் தேதிக்கு முன் நடந்திருந்தால் பழைய சட்டமே பேசும். எல்லாம் மாறிவிட்டது என்பவரும் எதுவும் மாறவில்லை என்பவரும் பாதிப் பாதிதான் சொல்கிறார்கள்.

தேதிக்கு அடுத்தது, சொல்வது யார் என்பது.

வழக்கறிஞர்கள் சட்டம் 1961 என்ன சொல்கிறது என்றால், பார் கவுன்சிலில் பதிவு பெற்றவர்தான் வக்கீல் தொழில் செய்யலாம். கோர்ட்டில் வாதாடுவது மட்டுமல்ல, சட்டக் கருத்துச் சொல்வதும் தொழிலில் அடக்கம் என்று 2018இல் ஏ.கே.பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சென்னை உயர் நீதிமன்றத்தில் கிளம்பிப் போன வழக்குதான் அது. இன்னொரு பக்கம், பார் கவுன்சில் விதி 36 வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. 2008இல் கொஞ்சம் தளர்த்தி, சொந்த இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்த வகை வழக்கு என்ற அளவுக்கு அனுமதித்தார்கள். அதைத் தாண்டினால் ஒழுங்கு நடவடிக்கை.

2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு இதை இன்னும் இறுக்கியது. ஆள் தேடித் தரும் தளங்களில் வக்கீல்களுக்கும் ரேட்டிங் போட்டு விற்கிறார்கள், இது தொழிலின் மரியாதைக்கே இழுக்கு, அப்படி விளம்பரம் தேடும் வக்கீல்கள் மீதும் தளங்கள் மீதும் நடவடிக்கை எடுங்கள் என்று பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஏ.சி. மெக்கானிக்கைத் தேடும் இடத்திலேயே குடும்ப வழக்குக்கும் ஆள் பிடிப்பது கண்ணைக் கூசும் காட்சிதான். நீதிமன்றத்தின் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதன் மறுபக்க விளைவை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பதிவு எண்ணுக்குப் பயப்படும் ஒழுங்கான வக்கீல் கேமரா முன் வரத் தயங்குகிறார். இழக்கப் பதிவே இல்லாதவர் தயங்காமல் வருகிறார். தகுதியில்லாதவர்கள் சட்ட நிபுணர் வேஷத்தில் தவறான தகவல் பரப்புகிறார்கள் என்று 2025 மார்ச்சில் இந்திய பார் கவுன்சிலே அறிக்கை விட்டது. அந்த இடத்தைக் காலியாக வைத்ததில் தனக்கும் பங்கு உண்டு என்பதை மட்டும் அறிக்கை சொல்லவில்லை. ஆள் பிடிப்பதைத் தடுப்பது வேறு, விளக்கிச் சொல்வதைத் தடுப்பது வேறு. பதிவு எண், தேதி, எந்தச் சட்டப் பிரிவு என்ற மூன்றையும் திரையில் காட்டி, “என்னிடம் வாருங்கள்” என்று சொல்லாமல், தமிழில் சட்டம் விளக்கும் வக்கீலுக்குப் பார் கவுன்சில் வெளிப்படையாகவே பச்சைக்கொடி காட்டலாம்.

பதிவு எண் ஒரு அலங்காரம் அல்ல. வக்கீல் தவறாக நடந்தால் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆவது பிரிவில் பார் கவுன்சிலிடம் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், அந்த ஒரு கதவின் மதிப்பு இப்போது கூடியிருக்கிறது. பெயர் தெரியாத சேனல்காரர் சொன்னதைக் கேட்டுக் கெடு போனால் அந்தக் கதவும் இல்லை. ரகசியமும் அப்படித்தான். வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதை அவர் வெளியே சொல்லக் கூடாது என்று சாட்சியச் சட்டம் காக்கிறது. புதிய சட்டத்தில் அது 132ஆவது பிரிவு. வீடியோவுக்குக் கீழே “நான் செக் கொடுத்தது உண்மைதான், ஆனால்...” என்று கமெண்ட் எழுதுகிறவரை எந்தப் பிரிவு காக்கும்? எதிராளியின் வக்கீலும் ஃபோன் வைத்திருக்கிறார்.

இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்து சேர்ந்திருக்கிறது. தமிழில் கேட்டால் தமிழிலேயே, மரியாதையாக, கொஞ்சமும் தடுமாறாமல் பதில் தருகிறது. அந்தத் தடுமாறாமைதான் ஆபத்து. 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனை செய்து கொடுத்த தீர்ப்புகளை அப்படியே தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அமெரிக்கக் கதை என்று ஒதுக்கினால் பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயம் இருக்கிறது. பக்‌ஐ டிரஸ்ட் வழக்கில் 2024 டிசம்பர் இறுதியில் அது போட்ட உத்தரவில் இல்லாத தீர்ப்புகள் மேற்கோளாக இருந்தன. அதில் ஒன்று சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் சொன்னதாம்! சில நாளிலேயே உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். சட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்களின் மேஜையிலேயே இது நுழைந்துவிடும் என்றால், நடைபேசியில் கேள்வி கேட்கும் விசைத்தறிக்காரரின் நிலை என்ன? வக்கீல்களுக்கென்றே தயாரித்துக் காசுக்கு விற்கும் கருவிகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் சோதித்தபோது, அவையும் ஆறு கேள்வியில் ஒன்றுக்காவது தவறிழைத்தன.

இன்னொரு கோளாறும் உண்டு. மாநில எல்லை இந்தப் பதில்களில் கரைந்துபோகிறது. முத்திரைத் தீர்வை கர்நாடகத்துக்கு ஒன்று, தமிழ்நாட்டுக்கு ஒன்று. இங்கேயே கிரயப் பத்திரத்துக்கான பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலில் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக இறங்கியது. “ஹைகோர்ட் தீர்ப்பு வந்தாச்சு” என்று சிவப்பு எழுத்தில் வரும் செய்தியிலும் எந்த ஹைகோர்ட் என்று பார்ப்பது அவசியம். டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது சேலம் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. வாதத்துக்குத் துணையாக எடுத்துக் காட்டலாம், அவ்வளவுதான்.

சரிபார்க்க வழியே இல்லை என்று சொல்ல முடியாது. முன்பு வக்கீல் ஆபீஸ் அலமாரியில் மட்டும் இருந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதிகள் 2023 ஜனவரி முதல் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசம், தேர்ந்தெடுத்த தீர்ப்புகள் தமிழிலும் கிடைக்கின்றன. சட்டங்களின் வாசகத்தைத் திருத்தங்களோடு இந்தியா கோட் தளத்தில் படிக்கலாம். நடக்கும் வழக்கின் வாய்தா தேதியை இ-கோர்ட்ஸ் தளத்தில் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் குமாஸ்தாவுக்கு ஃபோன் போடாமலே பார்த்துக்கொள்ளலாம். யாராவது ஒரு தீர்ப்பின் பெயரைச் சொன்னால் அந்தப் பெயர் அங்கே இருக்கிறதா என்று ஒரு நிமிடம் தேடினாலே பெங்களூரில் நடந்ததைப் போன்ற கூத்துகள் அம்பலமாகிவிடும். தீர்ப்பு இருக்கிறது என்பதற்காக வீடியோவில் சொன்னது சரியாகிவிடாது, அது அடுத்த கட்டம். ஆனால் தீர்ப்பே இல்லை என்றால் மேற்கொண்டு கேட்க வேண்டிய வேலை மிச்சம்.

ஃபீஸுக்குப் பயந்துதான் நெட்டுக்குப் போகிறார்கள் என்றால், ஃபீஸ் இல்லாத இடமும் இருக்கிறது. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இன் 12ஆவது பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் இலவச சட்ட உதவி கிடைக்கும், வருமானம் பார்ப்பதில்லை. பங்கு கேட்கும் மகள் எவ்வளவு வசதியான வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் இதில் வருவார். சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்திலும் நாமக்கல் மாவட்ட நீதிமன்றத்திலும் இந்த ஆணைக்குழுவின் அலுவலகம் உண்டு. தாலுகா கோர்ட்டுகளில் வட்டக் குழுக்கள் இருக்கின்றன. ஃபோனிலேயே கேட்க வேண்டும் என்றால் 15100. இந்த எண் எத்தனை டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் அரசின் அக்கறை தெரிந்துவிடும்.

2019இல் சேலத்துக்கு ஒன்று, நாமக்கல்லுக்கு ஒன்று என்று அரசு சட்டக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. சட்டக் கல்லூரி என்றால் சட்ட உதவி மையம் நடத்தியாக வேண்டும் என்பது பார் கவுன்சிலின் 2008 விதி. முகாம் போட்டு ஃபோட்டோ எடுப்பதோடு அந்த மையங்களின் வேலை முடிய வேண்டியதில்லை. விபத்து இழப்பீடு, பெண்களின் பங்கு, பத்திரப் பதிவு, கந்துவட்டி என்று இந்த இரண்டு மாவட்டங்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இருபதோ முப்பதோதான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு பக்கம், தலையிலேயே கடைசியாகச் சரிபார்த்த தேதி, அடியில் பொறுப்பேற்கும் ஆசிரியரின் பெயர், சட்டம் மாறிய வாரத்திலேயே பக்கமும் மாற வேண்டும். மாணவர்கள் எழுதட்டும், ஆசிரியர்கள் திருத்தட்டும், மாவட்ட ஆணைக்குழு தன் தளத்தில் ஏற்றட்டும். இதற்குப் புதிய சட்டமோ தனி நிதியோ தேவையில்லை. இரண்டு கல்லூரி முதல்வர்களும் இரண்டு மாவட்ட ஆணைக்குழுச் செயலாளர்களும் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் அடுத்த பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.